வசனம் முணுமுணுக்கிறது, வெடிச்சத்தம் காதைப் பிளக்கிறது

நண்பர்களே, மடிக்கணினியில் படம் பார்க்கும்போது ஒலி போதவில்லை என்று பலரும் வருந்துகிறார்கள். ஸ்பீக்கரைப் பழிப்பதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். என் மடிக்கணினியில் பாட்டும் செய்தியும் உரக்கவே கேட்டன. ஒரு படத்தில் மட்டும் வசனம் எழவேயில்லை. ஒலியை முழுவதும் ஏற்றினால் அடுத்த சண்டைக் காட்சியில் வீடே அதிர்ந்தது. கோளாறு கருவியில் இல்லை என்பது அப்போதே தெளிவாகிவிட்டது.

படம் பார்க்க உதவும் மென்பொருளான வி.எல்.சி. பிளேயரில் ‘ஆடியோ டிராக்’ பகுதியைத் திறந்தேன். அந்தக் கோப்பில் 5.1 ஒலித்தடம், ஸ்டீரியோ ஒலித்தடம் என இரண்டு இருந்தன. ஸ்டீரியோவுக்கு மாற்றியதும் பேச்சு பளிச்சென்று வந்தது.

காரணம் இதுதான். 5.1 என்றால் ஒரே ஒலித்தடத்துக்குள் மொத்தம் ஆறு சேனல்கள், அதாவது தனித்தனி ஸ்பீக்கர்களுக்கான ஒலிகள். வசனம் பெரும்பாலும் நடுச்சேனலில்தான் இருக்கும். மடிக்கணினியிலோ இடமும் வலமும் மட்டுமே உண்டு. நடுச்சேனலை இரண்டுக்கும் பகிரும்போது வழக்கமாக 3 டெசிபல் குறைக்கிறார்கள். எல்லாச் சேனல்களும் சேர்ந்து ஒலி உடைந்துவிடக் கூடாதென்று மொத்தத்தையும் இன்னும் தாழ்த்துவதுண்டு. அடிபடுவது வசனம்தான். அதோடு, திரையரங்குக்கான ஒலிக்கலவையில் கிசுகிசுப்புக்கும் வெடிப்புக்கும் உள்ள இடைவெளி மிகப் பெரியது. சின்ன ஸ்பீக்கரால் அதைத் தாங்க முடியாது.

ஸ்டீரியோ தடம் இல்லாத படங்களுக்கு நான் ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சுருக்கும் கம்ப்ரஸரைப் பயன்படுத்துகிறேன். டூல்ஸ் பட்டியலில் ‘எஃபெக்ட்ஸ் அண்ட் ஃபில்டர்ஸ்’, அதற்குள் கம்ப்ரஸர். எந்த அளவுக்கு மேல் ஒலியை அடக்க வேண்டும் என்று சொல்லும் ‘திரெஷோல்ட்’ அளவைக் கீழே இறக்கி, மொத்த ஒலியையும் உயர்த்தும் ‘மேக்கப் கெயின்’ அளவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். உரத்த ஒலி அடங்கும், மெல்லிய ஒலி மேலே வரும். ஒலியளவை 100 சதவீதத்துக்கு மேல் தள்ளுவதைவிட இது எவ்வளவோ மேல். அப்படித் தள்ளினால் உச்ச ஒலிகள் கரகரத்துப்போகின்றன.

மறுமொழி 1
பயனுள்ள பதிவு, ஐயா. எனக்கு நேர்ந்தது வேறு விதம். காணொளி அழைப்பு முடிந்தபின் எந்தப் படத்தைப் போட்டாலும் ஒலி பாதாளத்தில் கிடந்தது. விண்டோஸில் ‘சவுண்ட்’ சாளரத்தில் ‘கம்யூனிகேஷன்ஸ்’ என்றொரு பகுதி இருக்கிறது. அழைப்பு வரும்போது மற்ற ஒலிகளை 80 சதவீதம் குறைக்கும்படி அங்கே முன்கூட்டியே அமைந்திருக்கிறது. அதை ‘டூ நத்திங்’ என்று மாற்றிய பிறகு தொல்லை இல்லை. ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனியே ஒலியளவு காட்டும் ‘வால்யூம் மிக்ஸர்’ பகுதியையும் பாருங்கள். பிரவுசருக்கு மட்டும் ஒலி குறைந்திருந்தால் வெளியே தெரியாது.

மறுமொழி 2
அம்மாவுக்குக் காது சற்று மந்தம். இணையத்தில் படம் பார்ப்பவர் என்பதால் பிளேயர் அமைப்புகள் அவருக்கு உதவவில்லை. அதே ‘சவுண்ட்’ சாளரத்தில் ஸ்பீக்கரின் ‘பிராபர்டீஸ்’, அதில் ‘என்ஹான்ஸ்மென்ட்ஸ்’ சென்று உரத்த ஒலியையும் மெல்லிய ஒலியையும் சமப்படுத்தும் ‘லவுட்னஸ் ஈக்வலைசேஷன்’ என்பதைத் தேர்ந்தெடுத்தேன். இப்போது எந்தப் படமானாலும் வசனம் சீராகக் கேட்கிறது என்கிறார். ஒலிக்கருவியை இயக்கும் மென்பொருளான ஆடியோ டிரைவரைப் பொறுத்துத்தான் இந்த வசதி கிடைக்கும்; எல்லா மடிக்கணினியிலும் இருக்காது. கச்சேரி கேட்கும்போது மட்டும் இதை அணைத்துவிடுகிறேன். ஆலாபனையின் ஏற்ற இறக்கமெல்லாம் தட்டையாகிவிடுவதை என்னால் பொறுக்க முடியவில்லை.