மலைச்சரிவில் மழைமானியும் செயற்கைக்கோளும் பொருந்தவில்லை: உதவி தேவை

காற்றை எதிர்கொள்ளும் மலைச்சரிவு ஒன்றில், சிறு வாளி நிரம்பிச் சாயும் ஒவ்வொரு முறையும் 0.2 மி.மீ. எனப் பதியும் சாய்வாளி மழைமானியை வைத்து இரண்டு பருவங்களாக அளந்துவருகிறேன். நாள் முழுதும் நிதானமாகப் பெய்யும் மழையில், அதே இடத்துக்கான நாசாவின் ஐமெர்க் தரவு (செயற்கைக்கோள்வழி மழை மதிப்பீடு) மழைமானி காட்டுவதில் ஏறத்தாழப் பாதியையே காட்டுகிறது. இடியுடன் கொட்டும் நாட்களில் மட்டும் இரண்டும் ஓரளவு பொருந்துகின்றன.

புனலைச் சுத்தம் செய்து, மட்டம் பார்த்து, அளந்த நீரை மெதுவாக ஊற்றியும் சரிபார்த்துவிட்டேன்; மழைமானியில் பிழையில்லை. ஐமெர்க் உலகப் பொது நேரத்தில் இருப்பதால், நாளின் எல்லையை மாற்றிக் கூட்டினேன். அரைமணிக் கோப்புகளில் இருப்பது மணிக்கு இத்தனை மி.மீ. என்ற வீதம் என்பதைக் கவனிக்காமல் அப்படியே கூட்டி, எல்லாம் பொருந்திவிட்டதாக ஒரு வாரம் மகிழ்ந்ததும் உண்டு. அரைமணிக்கு ஏற்பப் பாதியாக்கியதும் இடைவெளி திரும்பிவிட்டது. மாதாந்திர மழைமானித் தரவைக் கொண்டு சரிசெய்யப்பட்டு, ஏறத்தாழ மூன்றரை மாதம் கழித்து வரும் ஐமெர்க்கின் இறுதி வெளியீட்டிலும் முன்னேற்றம் சிறிதே.

ஐமெர்க்கின் ஒரு கட்டம் 0.1 பாகை, அதாவது சுமார் 10 கி.மீ. என்பதால் வேறுபாடு இயல்பே. ஆனால் விலகல் எப்போதும் ஒரே திசையில் இருப்பதால், பனித்துகள் குறைந்த தாழ்மேகங்களின் மழையை, நிலப்பகுதியில் பனித்துகள்களின் தடத்தையே பெரிதும் நம்பும் செயற்கைக்கோள் நுண்ணலை உணரிகள் குறைத்து மதிப்பிடுகின்றன என்றே ஐயுறுகிறேன்.

ஒற்றை மழைமானி மட்டுமே உள்ள நிலையில், இத்தகைய மழைக்கு ஐமெர்க் தரவைத் திருத்த நீங்கள் கையாண்ட முறை எது?