பி.காமா, பி.ஏ. பொருளாதாரமா? வீட்டில் தினமும் சண்டை

கோத்தகிரி அப்பா:
மகள் பிளஸ் டூ வணிகவியல் பிரிவில் நல்ல மார்க். ஒன்றரை ஏக்கர் தேயிலைதான் நமக்கு. அவள் பொருளாதாரம்தான் படிப்பேன் என்கிறாள், மச்சான் பி.காம் சேர்த்து சி.ஏ.வுக்கு அனுப்பு என்கிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குன்னூர் கணக்கன்:
மச்சான் சொல்வதுதான் சரி. பதினெட்டு வருடமாக, விவசாயிகளிடம் பச்சை இலை வாங்கித் தூளாக்கும் இலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறேன். ஜிஎஸ்டிக்கு, தணிக்கைக்கு, வங்கிக் கடனுக்கு ஆள் தேடுவோம். பொருளாதாரம் படித்த பிள்ளை வந்து நின்றால் என்ன வேலை கொடுப்பது என்று முதலாளிக்கே தெரியாது. சி.ஏ. என்றால் ஃபவுண்டேஷன், இன்டர் தேர்வுகள், ஆடிட்டரிடம் 2 வருட ஆர்ட்டிகிள்ஷிப் பயிற்சி, ஃபைனல் தேர்வு. பாதை தெரிகிறது. பி.ஏ. என்றால் அப்புறம் எம்.ஏ., அப்புறம் பி.எட்., அப்புறம் ஆசிரியர் வேலைக்கு டிஆர்பி அறிவிப்பு எப்போது வரும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

கூடலூர் மழை:
கணக்கன் அண்ணா, பாதை தெரிந்தால் போதுமா, அதில் எத்தனை பேர் கடைசி வரை போகிறார்கள்? என்னோடு படித்தவர்களில் நாலு பேர் இன்டரிலேயே நின்றுவிட்டார்கள். நான் அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமான டேன்டீயின் குடியிருப்பில் வளர்ந்தவள், எம்.ஏ. பொருளாதாரம், இப்போது சென்னையில் கள ஆய்வு வேலை. 2019இல் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ, கிரெமர் மூவருக்கும் நோபல் வாங்கித் தந்ததே, ஒரு திட்டம் ஏழைகளுக்குப் பலன் தருகிறதா என்று ஊர் ஊராகச் சோதித்துப் பார்க்கிற முறை, அந்த மாதிரி வேலை. பாதி நாள் வீடு வீடாக நடை, மீதி நாள் கணினியில் தரவைச் சுத்தம் செய்வது. மத்திய அரசின் பொருளாதார அதிகாரிகளை எடுக்கும் இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வை யுபிஎஸ்சி நடத்துகிறது. பொருளாதாரத்தில் முதுகலை இருந்தால்தான் எழுதலாம், வெறும் சி.ஏ.வுக்கு அங்கே இடமில்லை. ரிசர்வ் வங்கியும் ஆய்வுத் துறைக்குத் தனியாக ஆள் எடுக்கிறது.

குன்னூர் கணக்கன்:
ரிசர்வ் வங்கியா! 2018 முதல் 2024 வரை கவர்னராக இருந்த சக்திகாந்த தாஸ் படித்தது வரலாறு தங்கச்சி.

கூடலூர் மழை:
அவர் ஐஏஎஸ் வழியாகப் போனவர். நாம் பேசுவது வேலைக்கு விண்ணப்பம் போடுகிறவர்களைப் பற்றி.

கோத்தகிரி அப்பா:
சண்டை வேண்டாம். இவளுக்கு இந்த ஆசை எப்படி வந்தது என்றால், தொழிற்சாலைக்கு இலை போட்டதற்குக் கொடுத்த மூன்று வருட இலைச் சீட்டுகளை ஆணியில் குத்தி வைத்திருந்தேன். அதையெல்லாம் எடுத்து, தேயிலை வாரியம் மாதாமாதம் பச்சை இலைக்கு அறிவிக்கிற விலையோடு வைத்து நோட்டில் எழுதியிருக்கிறாள். ஈர இலை என்று எடையில் தொழிற்சாலை கழித்த கிலோவுக்குத் தனிப் பத்தி. ஏலத்தில் தூள் விலை ஏறிய மாதம் நமக்கு ஏன் ஏறவில்லை அப்பா என்கிறாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

குன்னூர் கணக்கன்:
தூளின் ஏலச் சராசரி விலையில் நூற்றுக்கு 65 இலை கொடுத்தவருக்கு, 35 தொழிற்சாலைக்கு, அதுதான் கணக்கு. ஒரு கிலோ தூளுக்கு நாலு, நாலரை கிலோ இலை வேண்டும். அதோடு முந்தைய மாத ஏலத்தை வைத்துத்தான் இலை விலை வருகிறது, அதனால் ஏற்றம் உங்களிடம் வர ஒரு மாதம் பிந்தும். ஈரக் கழிவைப் பற்றி நான் பேசவில்லை. ஆனால் பாருங்கள், பிள்ளை செய்திருப்பது கணக்கு வேலை!

கூடலூர் மழை:
இல்லை அண்ணா, கணக்கு எழுதிவிட்டு அவள் நிறுத்தவில்லையே. சரி, அப்பா, ஒன்று மட்டும் சொல்லுங்கள்: பிளஸ் டூவில் வணிகக் கணிதம் எடுத்தாளா?

கோத்தகிரி அப்பா:
இல்லைம்மா, கணினிப் பயன்பாடுகள்.

கூடலூர் மழை:
இதைத்தான் பயந்தேன். என் கட்சிக்கு எதிராகவே சொல்கிறேன். பி.ஏ.வுக்கு ஊட்டி அரசு கலைக் கல்லூரி போதும், ஆனால் சென்னை கோட்டூர்புரத்து மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் மாதிரி இடத்துக்கு மேலே போக நினைத்தால் வகை நுண்கணிதமும் புள்ளியியலும் இல்லாமல் முடியாது. எம்.ஏ. முதல் செமஸ்டரில் ஹாஸ்டல் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதவள் நான். பிளஸ் ஒன் வணிகக் கணிதப் புத்தகம் பாடநூல் கழக இணையதளத்தில் இலவசம். சேர்க்கைக்கு முன்னால் அதில் வகை நுண்கணிதப் பாடத்தை ஒரு மாதம் போட்டுப் பார்க்கட்டும். பிடித்தால் தைரியமாகப் பொருளாதாரம் சேருங்கள். கசந்தால் பி.காம்.

குன்னூர் கணக்கன்:
கணித விஷயத்தில் தங்கச்சி சொல்வதை ஒத்துக்கொள்கிறேன். அந்த நோட்டில் இருப்பது எந்தத் தொழிற்சாலை என்று மட்டும் இங்கே போட்டுவிடாதீர்கள்.