டிவிடி, புளூரே டிரைவ் வாங்குமுன் கணினியில் எதைப் பார்க்க வேண்டும்? கண்டதை எழுதுங்கள்

ரோச்சோர்வாசி

சிங்கப்பூரின் கணினிக் கடைத்தொகுதியான சிம் லிம் ஸ்குவேரில் டிரைவ் வாங்கப் போகிறவர்கள் அட்டைப்பெட்டியின் பின்பக்கத்தைப் படித்துவிட்டுக் குழம்பிப்போகிறார்கள். புராசஸர், ரேம், கிராஃபிக்ஸ், விண்டோஸ் பதிப்பு என்று எல்லாவற்றையும் ஒரே கட்டத்துக்குள் அடைத்திருப்பார்கள். உண்மையில் அதற்குள் இருப்பது மூன்று பட்டியல்: டிரைவ் ஓடத் தேவையானது, வட்டில் எழுதத் தேவையானது, படம் பார்க்கத் தேவையானது. முதல் பட்டியல் ரொம்பச் சின்னது. பொருந்துகிற போர்ட்டும் போதுமான மின்சாரமும் இருந்தால் டிரைவ் ஓடும். சாதாரண யுஎஸ்பி டிரைவுக்கு விண்டோஸிலும் மேக்கிலும் தனி டிரைவர் மென்பொருள் போட வேண்டியதில்லை. பழைய கணினிதானே என்று பயந்து திரும்பி வருகிறவர்களில் பலருக்கு அந்த டிரைவ் தாராளமாக ஓடும்.

எழுதுவதற்கு முக்கியமாகப் பார்க்க வேண்டியது காலி இடம். எழுதும் மென்பொருள் சில சமயம் முழு வட்டையும் முதலில் ஒரே கோப்பாகச் சேர்த்து வைத்துக்கொள்ளும். ஓரடுக்கு டிவிடிக்கு 4.7 ஜிபி, புளூரேக்கு 25, ஈரடுக்கு என்றால் 50, பிடிஎக்ஸ்எல் என்ற கூடுதல் கொள்ளளவு புளூரே என்றால் 100 ஜிபி. அந்த அளவுக்கு மேலேயே கொஞ்சம் காலியாக இருக்கட்டும். 25 ஜிபி வட்டு விண்டோஸில் 23.3 என்றுதான் தெரியும். கணக்கிடும் முறை வேறு, வட்டில் குறை இல்லை. எழுதுவதற்காகச் சேர்த்து வைக்கும் அந்தக் கோப்பை ஃபேட்32 முறையில் வடிவமைத்த பென்டிரைவில் வைக்கப் பார்த்தால், ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. என்டிஎஃப்எஸ் அல்லது எக்ஸ்ஃபேட் முறை வேண்டும்.

கணினியில் என்ன இருக்கிறது என்று பார்க்க, விண்டோஸ் விசையோடு ஆர் விசையை அழுத்தி, வரும் கட்டத்தில் டி, எக்ஸ், டி, ஐ, ஏ, ஜி என்ற ஆறு எழுத்துகளைத் தட்டுங்கள். புராசஸர், ரேம், விண்டோஸ் பதிப்பு முதல் பக்கத்திலும் கிராஃபிக்ஸ் அடுத்த பக்கத்திலும் இருக்கும்.

தெம்பனிஸ் மின்கம்பி

ரோச்சோர் அண்ணன் மின்சாரத்தை ஒரே வரியில் முடித்துவிட்டார். வெளி டிரைவ் தகராறுகளில் நான் பார்த்தவரை பாதிக்கு மேல் அங்கேதான் கிளம்புகின்றன.

யுஎஸ்பி 2.0 போர்ட் தர வேண்டியது 500 மில்லி ஆம்பியர். யுஎஸ்பி 3.0 தருவது 900. மெல்லிய டிரைவ் ஒன்று வட்டைச் சுழற்றத் தொடங்கும் நொடியில் 1 ஆம்பியரையும் தாண்டலாம். டிரைவின் அடிப்பக்க ஸ்டிக்கரில் 5 வோல்ட்டுக்குப் பக்கத்தில் போட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள். கடையிலேயே பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லலாம். மின்சாரம் போதவில்லை என்றால் வட்டு சுழல ஆரம்பித்து நிற்கும், மறுபடி ஆரம்பிக்கும், விண்டோஸில் சாதனம் கழன்றதற்கான ஒலி கேட்கும். இன்னொரு வகை ஏமாற்றக்கூடியது: படிப்பது ஒழுங்காக நடக்கும், எழுதும்போது பாதியில் நின்று வட்டு வீணாகும். லேசருக்கு எழுதும்போதுதான் அதிக மின்சாரம் வேண்டும். அதனால் வட்டைப் படித்துக் காட்டிவிட்டு, வேலை செய்கிறது என்று சொன்னால் நம்பாதீர்கள். ஒரு வட்டு எழுதிப் பாருங்கள்.

விசைப்பலகை, மானிட்டர், ஒரு போர்ட்டைப் பலவாகப் பிரிக்கும் சின்ன ஹப் இவற்றில் செருகாமல் கணினியில் நேராகச் செருகுங்கள். அப்படியும் போதவில்லையா, இரண்டு போர்ட்டில் செருகும் இரண்டு தலை உள்ள கேபிள் அல்லது சொந்த அடாப்டர் உள்ள ஹப். ஆப்பிளின் வெளி டிவிடி டிரைவான சூப்பர்டிரைவ் சாதாரண ஹப்பில் ஓடாது, மேக்கில் நேராகத்தான் செருக வேண்டும். யுஎஸ்பி-சி மட்டும் உள்ள மேக்குக்கு ஆப்பிளின் மாற்றுத்தலை தேவைப்படும்.

பெரிய டிரைவுகளுக்குத் தனி அடாப்டர் வரும். ஜப்பானிலிருந்து நேராக வந்த சரக்கில் தட்டையான இரண்டு முள் அடாப்டர் இருக்கும். அதில் 100 வோல்ட் என்று மட்டும் போட்டிருந்தால் இங்குள்ள 230 வோல்ட்டில் செருகவே கூடாது. 100-240 என்று இருக்க வேண்டும். சிங்கப்பூரில் விற்கிற அடாப்டரில் பாதுகாப்பு முத்திரையும் இருக்க வேண்டும்.

யீஷூன் பெட்டிக்காரி

மேசைக் கணினிக்குள் மாட்டுகிறவர்களுக்கு: 5.25 அங்குல இடம் கேஸில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். புதிய கேஸ்களில் பெரும்பாலும் இல்லை. டிரைவை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா தகவல் கேபிளும் மின்சார கேபிளும் வேண்டும், வெறும் டிரைவாக விற்கும்போது இரண்டும் கூட வராது. எல்லாம் மாட்டியும் டிரைவ் தெரியவில்லை என்றால் மதர்போர்டு கையேட்டைப் புரட்டுங்கள். சில போர்டுகளில் எம்.2 என்ற சின்ன அட்டை செருகும் இடத்தில் எஸ்எஸ்டி மாட்டினால் ஒன்றிரண்டு சாட்டா போர்ட்டுகள் தானாக அணைந்துவிடும். கேபிளை வேறு போர்ட்டுக்கு மாற்றினால் போதும்.

பழைய லேப்டாப்புக்குள் மாட்டுவது என்றால் தடிமனை அளந்துகொள்ளுங்கள். 12.7 மில்லிமீட்டர், 9.5 மில்லிமீட்டர் என்று இரண்டு வகை உண்டு. தடித்தது மெல்லிய இடத்துக்குள் போகாது.

படவட்டு

மூன்றாவது பட்டியல், அதாவது படம் பார்ப்பது. ஆட்கள் அதிகம் ஏமாறுவது இதில்தான், கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

டிவிடி எளிது. விண்டோஸ் 8 முதல் டிவிடி பார்க்கும் வசதி விண்டோஸோடு சேர்ந்து வருவதில்லை. விஎல்சி பிளேயரைப் போட்டால் தீர்ந்தது. கடையில் வாங்கிய புளூரே படத்துக்கு உரிமம் பெற்ற பிளேயர் மென்பொருள் வேண்டும், பவர்டிவிடி மாதிரி. கிராஃபிக்ஸும் மானிட்டரும் எச்டிசிபி என்ற நகல் தடுப்பு முறையை ஏற்க வேண்டும். மேக்கில் ஆப்பிள் எப்போதும் புளூரே படத்துக்கு ஆதரவு தரவே இல்லை.

4கே அல்ட்ரா எச்டி புளூரேதான் உண்மையான சிக்கல். அதற்கு இன்டெல் புராசஸருக்குள் இருக்கும் எஸ்ஜிஎக்ஸ் என்ற பாதுகாப்பு வசதி தேவை, 7ஆம் தலைமுறை கோர் புராசஸர் முதல் 10ஆம் தலைமுறை வரை. எச்டிசிபி 2.2 வேண்டும். படம் இன்டெலின் சொந்த கிராஃபிக்ஸ் வழியாகத்தான் வெளியே போக வேண்டும். ஏஎம்டி புராசஸரில் எஸ்ஜிஎக்ஸே கிடையாது. 11ஆம் தலைமுறை மேசைக் கணினிகளிலிருந்து இன்டெலும் அதை எடுத்துவிட்டது. ஆகவே பல ஆயிரம் வெள்ளிக்கு வாங்கிய புத்தம்புதிய கணினி தோற்கும், பழைய 8ஆம் தலைமுறைக் கணினி ஜெயிக்கலாம். பெட்டியில் போட்டிருப்பதற்கு மேல் இருந்தால் சரி என்ற நினைப்பு இங்கே எடுபடாது.

அடுத்தது மண்டலம், அதாவது வட்டு எந்த நாடுகளின் டிரைவில் ஓடும் என்ற பூட்டு. டிவிடிக்குச் சிங்கப்பூர் மண்டலம் 3, இந்தியா 5. சென்னையிலிருந்து கொண்டுவரும் தமிழ்ப் பட வட்டுகளில் பல எல்லா மண்டலத்துக்கும் ஆனவை, அவை தொல்லை தராது. 5 என்று குறித்த வட்டு வந்தால் மண்டலத்தை மாற்றலாமா என்று கணினி கேட்கும். டிரைவ் மொத்தம் 5 முறைதான் மாற்ற விடும். கடைசியாக வைத்தது அப்படியே பூட்டிக்கொள்ளும், விண்டோஸைப் புதிதாகப் போட்டாலும் திறக்காது, ஏனென்றால் எண்ணிக்கை டிரைவுக்குள்ளேயே இருக்கிறது. டிவைஸ் மேனேஜரில் டிரைவின் பண்புகளைத் திறந்து டிவிடி ரீஜன் என்ற பக்கத்தில் மிச்ச எண்ணிக்கையைப் பார்க்கலாம். பழைய டிரைவை கரோசெல் விற்பனைத் தளத்தில் வாங்கும்போது கட்டாயம் பாருங்கள். புளூரேயில் சிங்கப்பூர் ஏ, இந்தியா சி.

தெம்பனிஸ் மின்கம்பி

டிரைவின் வேகம் எந்த போர்ட்டுக்குச் சரி என்று பார்க்கிறவர்களுக்கு: புளூரேயில் 1எக்ஸ் என்பது நொடிக்கு 4.5 எம்பி. 6எக்ஸ் மெல்லிய டிரைவுக்கு 27 எம்பி, யுஎஸ்பி 2.0 போர்ட்டே சமாளிக்கும். 16எக்ஸ் என்றால் 72 எம்பி, அதற்கு யுஎஸ்பி 3.0 அல்லது சாட்டா வேண்டும்.

ரோச்சோர்வாசி

மருத்துவமனையில் தரும் ஸ்கேன் வட்டுக்காக மட்டும் டிரைவ் தேடுகிறவர்கள் மேலே சொன்ன பட விவகாரம் எதையும் பார்க்க வேண்டாம். அது தகவல் வட்டு, மண்டலம் கிடையாது, மலிவான டிவிடி டிரைவ் போதும். ஆனால் வட்டோடு வருகிற பார்வை மென்பொருள் பெரும்பாலும் விண்டோஸுக்கு மட்டும்தான். மேக்கில் டைகாம் என்ற மருத்துவப் படக் கோப்பைத் திறக்கும் மென்பொருளைத் தனியாக இறக்கிக்கொள்ளுங்கள். அலுவலகம் தந்த லேப்டாப் என்றால் டிரைவ் வாங்குமுன் ஐடி பிரிவில் கேட்டுவிடுங்கள். வெளிச் சாதனங்களை அங்கே அடைத்து வைத்திருந்தால் எந்த டிரைவும் அதில் திறக்காது.