புதுப்பிப்பு: இம்பிளான்ட்டைச் சுற்றி எலும்பு கரைந்த விஷயம்

கீழ்த்தாடையில் பல்லுக்குப் பதிலாக எலும்பில் பதித்த இம்பிளான்ட் திருகைச் சுற்றி எலும்பு கரைகிறது, கழற்றச் சொல்கிறார்கள், என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். கழற்றவில்லை. வேறொரு டாக்டர் ஈறைத் திறந்து, டைட்டானியம் பிரஷால் திருகின் மரைகளைத் தேய்த்துச் சுத்தம் செய்து, மாட்டெலும்புத் துகளை நிரப்பி, மேலே கொலாஜன் என்ற புரதத்தால் ஆன சவ்வு போர்த்தித் தைத்தார். எலும்பு கரைந்த பள்ளம் கிண்ணம் மாதிரி சுற்றிலும் எலும்புச் சுவரோடு இருந்ததால்தான் இதற்கே துணிந்தாராம். சுவர் இல்லாவிட்டால் துகள் நிற்பது கஷ்டம்.

பத்து நாள் கஞ்சி. இப்போது ஏழு மாதம். 8 மி.மீ. ஆழம் இருந்த ஈறுப்பை (ஈறுக்கும் இம்பிளான்ட்டுக்கும் நடுவே உள்ள இடுக்கு) 4 ஆகியிருக்கிறது, சீழ் இல்லை. எக்ஸ்ரேயில் பள்ளம் வெள்ளையாகத் தெரிந்ததும் துள்ளினேன். “அது நான் வைத்த துகளாகவும் இருக்கலாம், படத்தை மட்டும் வைத்துப் புது எலும்பு என்று சொல்ல முடியாது” என்று அடக்கிவிட்டார். சரி. ஈறு கொஞ்சம் இறங்கி உலோக விளிம்பு தெரிகிறது. அப்புறம், சிகரெட்டை விட்டாச்சு.