ஆராதனைக்குத் துப்பாக்கியோடு போகலாமா?

தேயிலைமலை எழுதியது:
மூணாறை அடுத்த ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். என் அக்காள் மகன் டெக்சாஸில் வேலை பார்க்கிறான். ஞாயிறு ஆராதனையின்போது கைத்துப்பாக்கியுடன் வாசலருகே அமரும் காவல் குழுவில் சேரும்படி அவனுடைய சபையில் கேட்டிருக்கிறார்கள். 2017 நவம்பர் 5 அன்று அதே மாநிலத்தில் சதர்லாந்து ஸ்பிரிங்ஸ் தேவாலயத்தில், வயிற்றிலிருந்த சிசுவையும் சேர்த்து 26 பேர் சுட்டுக் கொல்லப்பட்டதை அங்குள்ளவர்கள் இன்னும் மறக்கவில்லை. "ஜெபம் நடக்கும்போது கண்ணை மூடக் கூடாது என்பதுதான் முதல் விதியாம் மாமா, நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டான். நான்கு நாளாகியும் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. சட்டம் அவனை அனுமதிக்கிறது. விசுவாசம் அனுமதிக்கிறதா என்பதே என் கேள்வி.

குமுளி வணிகர்:
ஐயா, தம்பி தயங்காமல் சேரட்டும். 2019 டிசம்பர் 29 அன்று டெக்சாஸின் ஒயிட் செட்டில்மென்ட் என்ற ஊரில், திருவிருந்து நேரத்தில் ஒருவன் எழுந்து இரண்டு பேரைச் சுட்டுக் கொன்றான். காவல் பொறுப்பிலிருந்த சபையார் ஒருவர் சில வினாடிகளுக்குள் அவனை வீழ்த்தியிராவிட்டால் இன்னும் எத்தனை பேர் மடிந்திருப்பார்களோ! ஓநாய் வரும்போது மந்தையை விட்டு ஓடுகிறவன் கூலியாள் என்றுதானே நாம் கேட்டு வளர்ந்தோம்?

சித்தூர் ஆசிரியை:
பாலக்காட்டுச் சித்தூரிலிருந்து எழுதுகிறேன். பட்டயம், அதாவது வாள், இல்லாதவன் வஸ்திரத்தை விற்றாவது ஒன்றை வாங்கட்டும் என்று இயேசு சொன்னதாக லூக்கா எழுதியிருப்பதை அங்கே பலரும் எடுத்துக்காட்டுகிறார்கள். ஆனால் அதே இரவில் சீஷன் ஒருவன் பட்டயத்தை உருவியபோது, அதை உறையிலே போடச் சொல்லி, வெட்டுண்ட காதைத் தொட்டுக் குணமாக்கியவரும் அவர்தான்; இந்த இரண்டையும் சேர்த்தே நாம் வாசிக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சதர்லாந்து ஸ்பிரிங்ஸில் சுட்டவன், மனைவியையும் அவளுடைய சிறு குழந்தையையும் அடித்ததற்காக விமானப்படை நீதிமன்றத்தில் தண்டனை பெற்றவன். துப்பாக்கி வாங்குகிறவர்களின் பின்னணியைச் சரிபார்க்கும் எஃப்.பி.ஐ.க்கு அந்தத் தீர்ப்பை விமானப்படை தெரிவிக்காததால்தான் அவனால் கடைக்குப் போய்த் துப்பாக்கி வாங்க முடிந்தது. தேவாலய வாசலில் ஒருவரை நிறுத்துவதற்கு எவ்வளவோ முன்பே தடுத்திருக்க வேண்டிய சாவுகள் அவை. ஆயுதம் வைத்திருக்கும் உரிமையை 1791 முதல் அரசியலமைப்பில் எழுதி வைத்திருக்கும் நாட்டில், யார் கைக்கு ஆயுதம் போகிறது என்று பார்ப்பது சபைக்கும் உரிய அறக்கடமை என்றே நான் நினைக்கிறேன்.

காந்தளூர் விவசாயி:
நம் நாட்டில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி என்பது உரிமை அன்று, உரிமம். அப்பா காலத்து ஒற்றைக் குழல் துப்பாக்கி ஒன்று என்னிடமும் உண்டு. தேர்தல் அறிவித்தவுடன் அதைச் சாக்கில் சுற்றிக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கி வருவேன்.

சில ஆண்டுகளுக்கு முன் பூண்டு வயலில் காட்டுப் பன்றி இறங்கிவிட்டது என்று நினைத்து, இரவு இரண்டு மணிக்குக் குழலைத் திருப்பினேன். பாத்தியோரம் கறுப்பாக ஏதோ குனிந்து அசைந்தது. என் விரல் விசையில் இருந்தது. அப்போது அது இருமியது. கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு, பக்கத்து வயல்காரர் தண்ணீர்க் குழாயை மாற்றிக்கொண்டிருந்தார். அதைச் சொல்லாமல் மறுநாள் அவரோடு தேநீர் குடித்தேன், இன்றுவரை சொல்லவில்லை. குமுளி அண்ணன் சொல்லும் சில வினாடிகள் எப்படிப்பட்டவை என்பது எனக்குத் தெரியும்.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், வன்முறையை மறுத்து எளிமையாக வாழும் ஆமிஷ் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் வேட்டைத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள்தான். ஆனால் மனிதனை நோக்கி அதை எடுக்கமாட்டார்கள். 2006 அக்டோபரில் அவர்களுடைய பள்ளியில் ஐந்து சிறுமிகள் கொல்லப்பட்டபோது, கொன்றவனின் குடும்பத்துக்கு ஆறுதல் சொல்லப் போனார்கள், அவனுடைய அடக்கத்துக்கும் போனார்கள். என்னால் அது முடியுமா என்று கேட்டால், முடியாது. ஆனாலும் கருவி ஒன்றாகவே இருக்க, எதை நோக்கித் திருப்புவது என்பதில் அவர்கள் போட்டிருக்கும் கோட்டை நான் மதிக்கிறேன்.

தேயிலைமலை:
எல்லாவற்றையும் அவனுக்கு வாசித்துக் காட்டினேன். அந்த இருமலை மறுபடி வாசிக்கச் சொன்னான். தாமதமாக வந்து கோட்டுப் பைக்குள் கைவிடுகிறவன் கைக்குட்டையை எடுக்கிறானா, வேறு எதையாவது எடுக்கிறானா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று சபை மூப்பரிடம் கேட்கப்போகிறானாம். காந்தளூர் அண்ணே, அந்தப் பக்கத்து வயல்காரரிடம் நீங்கள் சொல்லிவிடுங்கள்.