பேச மட்டும் ஒரு போன்: பெரியம்மாவுக்கு வாங்கிய அனுபவம்

பெரியவர்களுக்குப் போன் வாங்கிய அனுபவங்களைப் பலரும் எழுதியிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது சிக்னல், அடுத்து ரீசார்ஜ் திட்டம், கடைசியில்தான் போன். கடைகளில் இது தலைகீழாக நடக்கிறது.

என் பெரியம்மா திருவல்லிக்கேணியில் தனியாக இருக்கிறார். அவருக்கு இணையம் வேண்டாம். மகனோடும் தங்கையோடும் பேச வேண்டும், வங்கிக் குறுஞ்செய்தி வந்து சேர வேண்டும், அவ்வளவுதான். பழைய வீடு, தடித்த சுவர்கள். கூடத்தில் முழு சிக்னல் காட்டும் சிம், சமையலறைக்குள் நுழைந்ததும் செத்துவிடும். அதனால் கடைக்குப் போகும் முன்பே நானும் தம்பியும் வெவ்வேறு நிறுவன சிம் உள்ள எங்கள் போன்களோடு அறை அறையாக நின்று பேசிப் பார்த்தோம். கட்டில் பக்கம் நன்றாகக் கேட்கிறதா என்பதில்தான் எனக்குக் கவலை. நடுராத்திரியில் உடம்புக்கு ஏதாவது என்றால் அங்கிருந்துதானே கூப்பிடுவார்? தம்பியின் இணைப்பில் அங்கே குரல் தெளிவாகக் கேட்டது. அதையே தேர்ந்தெடுத்தோம்.

போன் வாங்க ரிச்சி தெருவுக்குப் போனோம். பட்டன் போன்தான் வேண்டும் என்றாலும் 4ஜி உள்ளதாகப் பாருங்கள். ஜியோவுக்கு 2ஜி, 3ஜி சேவையே கிடையாது, பழைய 2ஜி போனில் அந்த சிம் வேலை செய்யாது. பெரியம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, 5 என்ற பட்டனின் மேலுள்ள சிறு மேடு விரலில் தட்டுப்படுகிறதா என்று தடவிப் பார்த்தார். தட்டுப்படாத இரண்டு போன்களை அங்கேயே ஒதுக்கிவிட்டார். *#06# அழுத்தி, திரையில் வந்த ஐஎம்இஐ எண்ணை (போனின் அடையாள எண்)ப் பெட்டியில் இருந்ததோடு ஒப்பிட்ட பிறகே பணம் கொடுத்தோம்.

திட்டத்தில்தான் எனக்குக் கோபம் வந்தது. சிம் கடைக்காரர், "பேச மட்டும் என்று திட்டமே கிடையாது சார், தினமும் 1.5 ஜிபி வருவதைப் போட்டுக்கொள்ளுங்கள்" என்று அடித்துச் சொன்னார். ஆனால் பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டும் உள்ள திட்டம் ஒன்றாவது கட்டாயம் இருக்க வேண்டும் என்று 2024 டிசம்பரிலேயே தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதி கொண்டுவந்துவிட்டது. அத்தகைய திட்டங்களை 365 நாள் வரை கொடுக்கலாம் என்றும் அனுமதித்தது. நிறுவனத்தின் செயலியைத் திறந்து கீழே கீழே தள்ளிக்கொண்டே போனால் அந்தத் திட்டம் இருக்கிறது! காட்டியதும், "பாட்டிக்கு இதுவே போதும்" என்றார் கடைக்காரர். உடன் ஆள் இல்லாமல் வரும் முதியவருக்கு இதை யார் காட்டுவார்கள்? 28 நாள் திட்டம் என்றால் ஆண்டுக்கு 13 முறை ரீசார்ஜ் செய்ய வேண்டும், அதுவும் தொடாத இணையத்துக்காக.

பழைய எண்ணைக் கைவிடப் பெரியம்மாவுக்கு மனமில்லை. 1900 எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பியதும் எட்டு எழுத்துக் குறியீடு வந்தது. அதைப் புது நிறுவனத்தின் சிம் கடையில் காட்டினால் எண் மாறாமல் நிறுவனம் மாறலாம். கடையில் கைரேகைதான் இழுத்தடித்தது. வேலை செய்து தேய்ந்த விரல்களைக் கருவி ஏற்கவில்லை. ஈரத்துணியால் துடைத்து, வேறு விரலை வைத்த பிறகே ஏற்றது. பெரியவர்களை அழைத்துப் போகிறவர்கள் அவசரப்படாத நேரமாகப் பார்த்துப் போங்கள்.

அடுத்து பெரம்பூரில் இருக்கும் மாமாவுக்கு வாங்க வேண்டும். அங்கே பழைய வீடுகளில் எந்த இணைப்பு உள்ளறை வரை எடுக்கிறது என்று அந்தப் பக்கம் இருப்பவர்கள் எழுதுங்கள்.