பூனையைப் பழைய புளோக்கிலேயே விட்டுவிட்டுப் போகலாமா?

ஈசூன் மருமகள்:
அடுத்த மாதம் சிங்கப்பூரில் ஈசூன் அடுக்குமாடி புளோக்கிலிருந்து தெங்காவில் புது வீட்டுக்கு மாறுகிறோம். சாவி வாங்கி, அலமாரி வேலையும் முடியப்போகிறது. கவலை கருப்பியைப் பற்றித்தான். 11 வயதுப் பெண் பூனை, குட்டியாகக் கீழ்த்தளத்தில் கிடைத்தவள். மாமியார், "நாய் ஆளோடு ஒட்டும், பூனை வீட்டோடு ஒட்டும். கூட்டிப் போனால் ஏங்கியே செத்துவிடும். கீழே பூனைகளுக்குச் சோறு வைக்கிற ஆன்ட்டியிடம் சொல்லிவிட்டுப் போவோம்" என்கிறார். கணவர் இரண்டு பேருக்கும் தலையாட்டுகிறார். எனக்கு மனசு கேட்கவில்லை. ஆனால் மாமியார் கெட்ட எண்ணத்தில் சொல்பவரும் இல்லை. என்ன செய்யலாம்?

கம்பத்துக்காரர்:
மாமியார் சொல்வது சரிதான் அம்மா. நாங்கள் செம்பவாங் கம்பத்திலிருந்து, அதாவது கிராமத்திலிருந்து, அடுக்குமாடிக்கு வந்தபோது என் அம்மா பூனையைக் கோணியில் கட்டித் தூக்கிவந்தார். மூன்றாம் நாள் காணோம். இரண்டு வாரம் கழித்து அப்பா ஏதோ வேலையாகக் கம்பத்துப் பக்கம் போனால், பழைய வீட்டுப் படியில் எலும்பும் தோலுமாக உட்கார்ந்திருக்கிறது. தெரிந்த இடத்தில் இருக்கட்டும் என்பது இரக்கம்தான், கொடுமை இல்லை.

மூணு பூனை அக்கா:
தங்கச்சி, முதலில் ஒன்று. வளர்த்த பூனையைக் கீழே விட்டுவிட்டுப் போனால் அது கைவிடுதல். முதல் தடவைக்கே 10,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. ஆன்ட்டியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவது ஒப்படைப்பது ஆகாது. அவர் ஏற்கெனவே எத்தனை பூனைகளுக்குச் சோறு சுமக்கிறாரோ! அப்புறம், 11 வருடம் வீட்டுக்குள் இருந்தவளைக் கீழே இருக்கிற தடியன் பூனைகள் ஒரே ராத்திரியில் அடித்து விரட்டிவிடும்.

ஐயா, உங்கள் பூனை ஓடியது கதவு திறந்திருந்ததால். கோணியில் கட்டி வந்த பயம் வேறு.

கம்பத்துக்காரர்:
சட்டம் பேசுகிறீர்கள், சரி. 2024 செப்டம்பர் 1 வரை வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் பூனையே கூடாது என்றுதான் சட்டம் இருந்தது. அப்போது உங்கள் மூன்றும் எங்கே இருந்தன? இப்போதும் ஒரு வீட்டுக்கு இரண்டுதானே?

மூணு பூனை அக்கா:
பிடித்துவிட்டீர்கள். ஆமாம், திருட்டுத்தனமாகத்தான் வளர்த்தேன். 2026 ஆகஸ்ட் 31க்குள் உரிமம் எடுத்தால் ஏற்கெனவே இருப்பவற்றை வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். மைக்ரோசிப் போட்டு மூன்றுக்கும் எடுத்துவிட்டேன். தங்கச்சி, கருப்பிக்கும் சிப், உரிமம் இரண்டிலும் தெங்கா முகவரியை மாற்ற மறக்காதே.

பூனை வீட்டோடு ஒட்டும் என்பதை நான் மறுக்கவில்லை ஐயா. அதற்கு வீடு என்றால் வாசனை. கன்னத்தையும் உடம்பையும் மூலை மூலையாகத் தேய்த்து வைக்கிறதே, அதுதான் அதன் வீட்டுப் பத்திரம். அந்த வாசனையைக் கூடவே கொண்டுபோகலாம். அவள் படுக்கிற துணியைத் துவைக்காமல் கொண்டுபோ. பழைய மணல் தட்டு, பழைய கிண்ணம். முதலில் ஒரே ஓர் அறை. கட்டிலுக்கடியில் ஒளிந்தால் இழுக்காதே.

லாரி தம்பி:
வீடு மாற்றும் வேலையில் இருக்கிறேன், அதனால் ஒரு வார்த்தை. பூனைகள் தொலைவது பெரும்பாலும் சாமான் ஏற்றும் நாளில்தான். சோபா வெளியே போக இரும்புக் கதவு அரை மணி நேரம் திறந்தே கிடக்கும். அன்று காலை முதல் வேலையாகக் குளியலறையில் பூட்டி, "திறக்காதீர்கள், பூனை" என்று தாள் ஒட்டுங்கள். எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது, படமும் வரையுங்கள். பேருந்திலும் ரயிலிலும் ஏற்ற விட மாட்டார்கள், செல்லப்பிராணிகளை ஏற்றும் வண்டியை முன்பதிவு செய்யுங்கள்.

ஆனால் அக்கா சொல்லாத ஒன்று, சத்தம். புது புளோக்கில் புதுப்பிப்புக்கு மூன்று மாதம் அவகாசம். மேலே, கீழே, பக்கத்தில் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் துளை போடுவார்கள். வார நாளில் காலை 9 முதல் மாலை 5 வரை மண்டை பிளக்கும். பழைய வீட்டுச் சாவி ஒரு மாதம் கையில் இருந்தால், பூனையை அங்கேயே வைத்துத் தினமும் போய்ப் பாருங்கள்.

மூணு பூனை அக்கா:
சத்தம் நல்ல விஷயம் தம்பி, நான் யோசிக்கவில்லை. ஆனால் காலி வீட்டில் தனியாகவா? ஆளும் இல்லை, சாமானும் இல்லை. அதற்குச் சத்தமே மேல்.

கம்பத்துக்காரர்:
லாரித் தம்பி சொல்வதுதான் நடுவழி. பால் காய்ச்சும் நாளையும் யோசியுங்கள். ஹோமப் புகை, சாம்பிராணி, நாற்பது பேர் வருவதும் போவதும். சகுனம் பார்த்துச் சொல்லவில்லை, அந்தப் புகையில் எனக்கே கண் எரியும்.

மூணு பூனை அக்கா:
இதில் ஐயாவுடன் சண்டை இல்லை! பூஜை முடிந்து, புகை போய், சன்னல்களுக்கு வலை அடித்த பிறகே கருப்பி உள்ளே வரட்டும். வலை அழகுக்கு இல்லை, விதியே அதுதான்.

ஈசூன் மருமகள்:
ஆறு வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். பால் காய்ச்சி நான்கு நாள் கழித்துக் கூட்டி வந்தோம். அந்த நான்கு நாளும் கணவர் பழைய வீட்டில் பாய் விரித்துக் கருப்பியோடு படுத்தார் (அவர் தலையாட்டியதற்குத் தண்டனை). வந்ததும் துணி அலமாரிக்குப் பின்னால் போனவள்தான். ஒன்றரை நாள் சாப்பிடவில்லை. மருத்துவரைக் கூப்பிட்டேன். பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் கல்லீரலில் கொழுப்பு ஏறி ஆபத்தாகும், நாளைக் காலைக்குள் சாப்பிடாவிட்டால் கொண்டுவாருங்கள் என்றார்.

அன்று ராத்திரி மாமியார் எங்களிடம் எதுவும் சொல்லாமல் மீனை உப்பில்லாமல் அவித்து, முள் எடுத்து, அலமாரி ஓரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஒரு மணி நேரம். கருப்பி அவர் கையிலிருந்தே சாப்பிட்டாள்.

துளை போடும் சத்தம் தம்பி சொன்ன மாதிரியே. சத்தம் ஆரம்பித்தால் மாமியாரின் பழைய பிரம்பு நாற்காலிக்கு அடியில் போய்விடுகிறாள். புது வீட்டுக்குப் பொருந்தாது, கழிவுக்கு எடுத்துப்போகச் சொல்லலாம் என்று நாங்கள் வைத்திருந்த நாற்காலி அது.

கம்பத்துக்காரர்:
நாற்காலியை எடுத்துப்போகச் சொல்லிவிடாதீர்கள். மீன் வாங்கினால் சின்னதாகப் பார்த்து வாங்குங்கள், அதில்தான் ருசி.